முதலில் முதுகெலும்பை வாங்குங்கள்

வீட்டில் விளையாடுவதற்கு ஒரு கணிப்பொறி வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். அந்த ஆசையில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அதற்குப் பணம் தருபவர் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான். அவர்கள் பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை அது. அதைக் கடைக்காரரின் பேச்சை மட்டும் நம்பிச் செலவிட்டுவிடலாமா? கூடாது. எந்த உறுப்புக்கு எவ்வளவு செலவிடுவது என்பதை நீங்களே சிந்தித்து முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலும் கணக்குமே போதும்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். குறைந்த செலவில் கணிப்பொறி அமைப்பவர், பின்னாளில் எளிதில் மாற்ற முடியாத உறுப்புகளை நல்லனவாக வாங்க வேண்டும். எளிதில் மாற்றக்கூடியவற்றை இப்போதைய தேவைக்குப் போதுமான அளவில் வாங்கினால் போதும். பலரும் இதற்கு நேர்மாறாகவே செய்கிறார்கள்.

விளையாட்டின்போது கணிப்பொறியில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். சினிமாவைப் போலவே, திரையில் தெரியும் அசைவும் அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களால் ஆனது. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடிதான். பந்து எங்கே போகிறது, எதிரி எங்கே நிற்கிறான் என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிடுகிறது. அதன்படி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. இரண்டில் எது மெதுவானதோ அதுவே வேகத்தை முடிவு செய்யும். ஒரு படத்துக்குப் பிராசசர் 5 மில்லிவிநாடியும் கிராபிக்ஸ் கார்டு 25 மில்லிவிநாடியும் எடுத்துக்கொண்டால், உங்களுக்குக் கிடைப்பது விநாடிக்கு 40 படங்களே. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் விரைந்து என்ன பயன்?

தீட்ட வேண்டிய புள்ளிகள் எத்தனை என்பதும் முக்கியம். 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 3840 × 2160 அளவுள்ள திரையில் 82,94,400, அதாவது சரியாக நான்கு மடங்கு. சிறிய அளவுத் திரையைத் தேர்ந்தால் விலை குறைந்த கிராபிக்ஸ் கார்டே போதும். எனவே சிக்கனம் திரையிலிருந்தே தொடங்குகிறது.

இனி, எளிதில் மாற்ற முடியாதவை எவை? முதலாவது மதர்போர்டு. எல்லா உறுப்புகளும் இதில்தான் இணைகின்றன. இதை மாற்றுவதென்றால் ஏறக்குறைய முழுக் கணிப்பொறியையும் பிரித்தாக வேண்டும். இதிலுள்ள சாக்கெட் என்னும் பொருத்துமிடம்தான் எதிர்காலத்தில் எந்தப் பிராசசரைப் பொருத்தலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதற்கு நடந்த வரலாற்றையே காட்டலாம். 2018-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட் கொண்ட பி450 வகை மதர்போர்டையும், ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 2600 பிராசசரையும் ஒருவர் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசசரையும் அவர் அதே பலகையில் பொருத்தலாம். பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டாலே போதும். இன்னொருவர் 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இன்டெல் நிறுவனத்தின் இசட்270 வகை மதர்போர்டை வாங்கியிருந்தால்? அதே ஆண்டு அக்டோபரில் எட்டாம் தலைமுறைப் பிராசசர்கள் வந்தன. இரண்டிலும் மின்தொடுமுனைகள் 1151-தான். ஆயினும் புதியதற்கு வேறு மதர்போர்டு தேவைப்பட்டது. ஆகவே வாங்கும் முன், "இந்த சாக்கெட்டுக்கு இனியும் பிராசசர்கள் வருமா?" என்று விசாரியுங்கள். 2022-இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டில், 2024-இல் வந்த ரைசன் 9000 வரிசையும் பொருந்துகிறது.

இரண்டாவது பவர் சப்ளை. எல்லோரும் அலட்சியம் செய்யும் உறுப்பு இதுதான். 240 வாட் மின்திறன் கொள்ளும் கிராபிக்ஸ் கார்டுக்கு 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. இதைக் கேபினெட்டோடு சேர்த்து மலிவாகத் தரப்படும் பெட்டியிடம் எதிர்பார்க்கலாமா? அது பழுதானால் தான் மட்டும் போவதில்லை. சில சமயம் மற்ற உறுப்புகளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். உள்ளுறுப்புகளுக்கு 300 வாட் தேவை என்க. பவர் சப்ளையின் திறன் 75 விழுக்காடு என்றால் அது வீட்டு மின்சாரத்திலிருந்து 400 வாட் இழுக்கும். மீதி 100 வாட் வெப்பமாகிவிடும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்குள் எரியவிடுவதற்கு இது சமம்! திறன் 90 விழுக்காடானால் வீணாவது 33 வாட்தான். தினமும் மூன்று மணி நேரம் விளையாடினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 73 யூனிட் மிச்சம்.

பெட்டியின் மேல் '80 பிளஸ்' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது திறனைக் குறிக்கும் முத்திரையே; ஆயுளுக்கு உறுதி அன்று. எனவே எத்தனை ஆண்டு வாரண்டி, மிகை மின்னோட்டத்திலிருந்து பாதுகாப்பு உண்டா என்பவற்றையும் கேளுங்கள். இன்றைய தேவை 300 வாட் என்றாலும் 550 அல்லது 650 வாட் பவர் சப்ளையை வாங்குவது நல்லது. நாளை பெரிய கிராபிக்ஸ் கார்டு வந்தாலும் இது தாங்கும்.

சிக்கனம் எதில்? வண்ண விளக்குகளிலும் கண்ணாடிக் கேபினெட்டிலும் ஒரு காசும் செலவிட வேண்டாம். காற்றோட்டம் நன்றாக இருந்தால் போதும். எஸ்.எஸ்.டி. முதலில் சிறியதாக இருக்கலாம். பிறகு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ரேமில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. 16 ஜிகாபைட் ஒரே துண்டாக வேண்டாம். 8 ஜிகாபைட் துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். டி.டி.ஆர்.5-5600 வகைத் துண்டு ஒன்று விநாடிக்கு 44.8 ஜிகாபைட் வரை தகவல் கடத்தும். இரண்டும் இணைந்தால் பாதை இரட்டிப்பாகிறது.

கிராபிக்ஸ் கார்டு விலை மிகுந்தது. ஆனால் மாற்றுவதற்கு மிக எளிது. ஒரு திருகைக் கழற்றி, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டால் கையோடு வந்துவிடும். கையில் பணம் மிகக் குறைவானால், ரைசன் 5 8600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் வசதி கொண்ட பிராசசரோடு தொடங்கலாம். எளிய விளையாட்டுகளுக்கு அதுவே போதும். கார்டை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

"இத்தனை தொல்லை எதற்கு? ஒரு லேப்டாப் வாங்கினால் ஆயிற்றே!" என்று சிலர் கேட்கக்கூடும். எங்கும் தூக்கிச் செல்ல வேண்டியவர்களுக்கு அது சரிதான். ஆனால் பெரும்பாலான லேப்டாப்களில் பிராசசரும் கிராபிக்ஸ் சில்லும் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளன. ஒன்று போதாமல் போனால் முழுவதையுமே மாற்ற வேண்டிவரும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மாற்ற முடியும் என்பதற்காக ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டிருப்பது சிக்கனம் ஆகாது. முதலில் அளந்து பாருங்கள். விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. அது நூற்றை ஒட்டியே நின்று, ஆட்டமும் தடுமாறினால் கார்டு போதவில்லை என்று பொருள். வேகத்துக்கு நீங்கள் வரம்பு ஏதும் வைக்காதபோதும் அறுபது, எழுபதிலேயே நின்றால் பெரும்பாலும் பிராசசரே தடை. இந்த அளவீட்டை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் அடுத்த முறை பணம் கேட்கும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.