பரம்பரைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாமா?



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. காரணம் ரெண்டு காகிதம். அப்பா ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை செய்கிறார். சித்தப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். அப்பா ஒல்லிக்குச்சி. சித்தப்பாவின் தொப்பை ஸ்டீயரிங்கைத் தொடும். கொழுப்பு யாருக்கு இருக்கும், சொல்லுங்க? நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ரிசல்ட் வந்தால், கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். அப்பாவுக்கு 204, சித்தப்பாவுக்கு 121. சித்தப்பாவுக்கு எகிறியிருந்தது டிரைகிளிசரைடு, 310.

"எங்கப்பா 46 வயசுல நெஞ்சுவலியில போனார். இது பரம்பரை, நம்ம கையில என்ன இருக்கு?" என்று அப்பா காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். "நாளையிலேர்ந்து பரோட்டாவை விட்டுட்டா சரியாயிடும்ண்ணே, உனக்கும்தான்" என்றார் சித்தப்பா. என் கருத்து, ரெண்டு பேர் சொன்னதிலும் பாதிதான் சரி.

நம் உடம்பில் உள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. (சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவைத் தூக்கிப்போடும் தம்பிகள் கவனிக்க!) ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்க, கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. ஷிப்டுக்கு வருகிறவர்களை உள்ளே விடும் கம்பெனி கேட் மாதிரி. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிக்கான ஜீன் 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதானாலே பாதி கேட் மூடியது போல, எல்.டி.எல். ரோட்டிலேயே நிற்கும். உலகில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இப்படிப்பட்ட பரம்பரைக் கோளாறு உண்டு. ஆள் ஒல்லியா, குண்டா என்று அது பார்ப்பதில்லை. 190-ஐத் தாண்டி, வீட்டில் இளவயது மாரடைப்பும் இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படணும் என்று டாக்டர் சொன்னார்.

ஆனால் தாத்தா பீடியும் குடிப்பார், ஒரு நாளைக்கு ஒரு கட்டு. அதை வீட்டில் யாரும் சொல்வதே இல்லை. புகை நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைக் குறைக்கும், ரத்தக் குழாயையும் கெடுக்கும். ஜீன் பாதி வேலையைச் செய்தது, பீடி மீதியைச் செய்தது என்று நான் நினைக்கிறேன்.

சித்தப்பா கதை வேறு. ராத்திரி டிரிப், ரெண்டு மணிக்கு டீயும் பன்னும், விடிந்ததும் தட்டு நிறைய சோறு, உடனே தூக்கம். உட்கார்ந்தே இருந்து மாவுச்சத்தாகவே சாப்பிட்டால் டிரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும். தமிழ்நாட்டையும் சேர்த்து எடுத்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அதில் 72 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு! 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது. அதற்கு முன்னால் எங்க ஊரில் நடவு, களையெடுப்பு, சைக்கிள். இத்தனை வருஷத்தில் நம்ம ஜீன் மாறவில்லை, வேலையும் சாப்பாடும்தான் மாறியது.

ரெண்டும் தனித்தனியாக வேலை செய்வதும் இல்லை. 2017-ல் சென்னை மக்களிடம் செய்த ஓர் ஆய்வில், எல்.பி.எல். என்ற ஜீனின் ஒரு வகைக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள தொடர்பு, அவர்கள் எவ்வளவு கொழுப்பு சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 55 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். இதயநோய்க்கான ஜீன் அபாயம் அதிகமுள்ளவர்களிலும், புகை பிடிக்காமல், எடை கூடாமல், நடந்து, அளவாகச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதிதான்.

அதனால் அப்பாவிடம் சொன்னேன், பரம்பரை என்றால்தான் மாத்திரை அவசியம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. ஸ்டாட்டின் மாத்திரை போட்டால், நல்லா இருக்கிற இன்னொரு ஜீனை வைத்துக் கல்லீரல் கூடுதலாக கேட் திறக்கும். "பன்னெண்டாவது படிக்கிறவன் எனக்கு வைத்தியம் பார்க்கிறியா?" என்றார். கோபம்தான். ஆனாலும் அலமாரியைத் திறந்தார்.

எனக்கு இன்னொரு குறை உண்டு. முகாமில் பரிசோதனை செய்கிறார்கள், காகிதம் முழுக்க இங்கிலீஷ், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டார். யாரும் உட்கார வைத்து விளக்குவதில்லை. நம் பள்ளியில் பாதிப் பேருடைய அப்பா அம்மா இந்தக் கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள். அந்தக் காகிதம் உங்க வீட்டிலும் எங்கேயாவது மடித்துக் கிடக்கும். எடுத்துப் பாருங்க, புரியலேன்னா அறிவியல் ஆசிரியரிடம் கொண்டு வாங்க.

இந்த ஜீன் அப்பாவிடம் இருந்தால் எனக்கும் தங்கைக்கும் வர ஆளுக்குப் பாதி வாய்ப்பு. வரும் சனிக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறோம். அவள் ஊசிக்குப் பயந்து இப்பவே அழுகிறாள். அப்பாவும் கூட வருகிறார். அவருக்கு இப்ப 44 வயசு.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், அறிவியல் பிரிவு