பழைய உதிரிபாகம் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

சேந்தமங்கலம் சமவெளியில் மழை பெய்து நிலம் பதமாகும் காலத்தில் ஏர்மாடு கட்டுவோர் இப்பொழுது வெகு சொற்பம். நிலக்கடலைக் காடாயினும் மரவள்ளித் தோட்டமாயினும் பவர் டில்லரோ டிராக்டரோதான் உழவேண்டியதாயிருக்கிறது. மாடு நோயுற்றால் அயலார் மாட்டை இரவல் பெற்று உழலாம். யந்திரத்திலோ கையகலமுள்ள ஒரு சாமான் உடைந்தாலும், அது கிடைக்கும்வரை யந்திரம் முழுவதும் கொட்டகையில் நிற்கவேண்டியதே. யந்திரம் காத்திருக்கும், நிலத்தின் பதம் காத்திராது. ஆகையால் பழைய உதிரிபாகம் வாங்கும் விஷயம் அற்பமானதன்று.

நம் வட்டாரத்தில் பலவித யந்திரங்கள் கலந்திருக்கின்றன. 1967-ல் ஜப்பான் மிட்சுபிஷி நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. கம்பெனியின் டில்லர்களும், 1973-ல் ஏற்பட்ட கேரள அரசின் கேம்கோ நிறுவனம் குபோட்டா முறையில் செய்யும் டில்லர்களும் நெடுநாளாக உழைத்துவருபவை. பின்னர்ச் சீனாவிலிருந்து இறக்குமதியான டில்லர்களையும் அநேகர் வாங்கினர். 2020 ஜூலை மாதத்தில் மத்திய அரசு பவர் டில்லர்களையும் அவற்றின் பாகங்களையும் கட்டுப்பாடுள்ள இறக்குமதி இனத்தில் சேர்த்தது. உள்நாட்டுத் தொழிலுக்கு அது அனுகூலமே. ஆயினும் முன்னரே அவ்வித யந்திரம் வாங்கிவிட்டவருக்குப் பழைய சாமான் கடையைத் தேடிப் போவது தவிர வழி குறைந்தது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், கொல்லிமலை அடிவாரத்து விவசாயி ஒருவர் தம் டில்லரின் கியர் பல் உடைந்ததாக என்னிடம் வந்தார். “பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும், பார்த்து வாங்குங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். எப்படிப் பார்ப்பது என்று சொன்னேனில்லை. அவர் யந்திரத்தின் பெயரை மாத்திரம் சொல்லி ஒரு கியரை வாங்கினார். பல் எண்ணிக்கை சரியாயிருந்தது. ஷாஃப்ட் நுழையும் துவாரம் மாத்திரம் ஒரு மில்லிமீட்டர் பெரிது. பட்டறையில் தகரத் துண்டு திணித்துப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் அது கழன்று, கியர்ப் பெட்டியின் சுவரையும் உடைத்துவிட்டது. விதைப்பும் தப்பிற்று. அந்நஷ்டத்தில் என் பங்கும் உண்டென்று கருதியே இதனை எழுதலானேன்.

பழைய சாமான் எல்லாம் குப்பையென்று சிலரும், எதையும் பட்டறையில் பொருத்திக்கொள்ளலாமென்று வேறு சிலரும் சொல்கின்றனர். இரண்டும் தவறென்பது என் அபிப்பிராயம். சாமானைப் பெயர் சொல்லி வாங்கலாகாது. எண்ணையும் அளவையும் கொண்டே வாங்கவேண்டும்.

எண் பொறித்த சாமான்களைப் பழையதாக வாங்கவே வேண்டாம். பேரிங் டில்லருக்கென்று தனியாகப் பிறந்ததன்று. 6205 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும் அவ்வளவே. கிணற்று மோட்டாருக்குப் பேரிங் விற்கும் கடையிலேயே அது புதிதாகக் கிடைக்கும். ஆயில் சீலிலும் இவ்வாறே மூன்று அளவுகள் காணப்படும். பெல்ட்டில் ‘ஏ’, ‘பி’ முதலிய எழுத்து அதன் பருமனையும், அடுத்த எண் நீளத்தையும் குறிக்கும். பல பெல்ட்டுகள் சேர்ந்து ஓடுமிடத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றினால் புதியதே பாரம் முழுவதையும் தாங்கி விரைவில் அறும். ஆகையால் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுக.

போல்ட்டு விஷயத்தில் ஏமாறுவோர் பலர். ஆங்கில மாதிரியில் பிறந்த பழைய டிராக்டர்களில் அங்குலக் கணக்கும், ஜப்பானிய மாதிரி டில்லர்களில் மில்லிமீட்டர்க் கணக்கும் வழங்கும். அங்குலக் கணக்கிலும் அரை அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கு அங்குலத்திற்கு 12 புரி. அமெரிக்க முறைப் பருமரைக்கு 13. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். முதற் சில சுற்றுக்கள் ஏறவும் ஏறும். பலவந்தமாய் முறுக்கினால் வார்ப்பிரும்பின் புரி நாசமாகும்.

பழையதாக வாங்கத் தகுந்தவை கியர்ப் பெட்டி, சக்கர ரிம், தாங்கிகள், நெம்புகோல்கள், தேய்வில்லாத ஷாஃப்ட்டுகள் முதலியன. வார்ப்புச் சாமானை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாய்த் துடைத்து, சுண்ணக் கட்டியின் பொடியைப் பூசினால், வெடிப்பிருக்குமிடத்தில் ஈரக் கோடு தெரியும். ரிம் வாங்கும்போது டயர் அளவோடு போல்ட்டுத் துவாரங்களின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் அளந்துகொள்க. கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகவே வாங்கத் தக்கவை. கனெக்டிங் ராடின் மூடியை வேறொரு ராடுக்கு மாட்டலாகாது. பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தமான எதையும் பழையதாக வாங்கவேண்டாம். அங்கே மிச்சப்படுவது பணம், போவது உயிர்.

கடைக்குச் செல்வோர் உடைந்த துண்டையும், எஞ்சின் எண்ணையும், யந்திரம் செய்யப்பட்ட ஆண்டையும் தவறாது கொண்டுசெல்க. லாரித் தொழிலுக்குப் பேர்பெற்ற நாமக்கல்லில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. வெர்னியர் வைத்து அளந்து சொல்லுவோர் அங்கே உண்டு. பொருந்தாவிடில் திருப்பிக்கொள்வதாக ரசீதில் எழுதி வாங்குவது உத்தமம். ரசீதில்லாத சாமான் திருட்டுச் சாமானாகவும் இருக்கக்கூடும். அதனை வாங்குவது குற்றத்திற்கு இடமாகும்.

நிலக்காரர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி யந்திரம் வாங்குவதால், ஒருவர் யந்திரம் மற்றவருக்கு உதவாமற் போகிறது. மானியத்தில் புது யந்திரம் எடுக்க எண்ணுவோர் ஊரில் ஏற்கெனவே உள்ள மாதிரியையே தெரிந்தெடுத்தால் நலம். எந்த யந்திரம் யாரிடம், எந்த ஆண்டினது என்று கிராமத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். உழைத்து ஓய்ந்த யந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றுவிடாமல், உழவர் குழுவினர் சேர்ந்து வாங்கிப் பிரித்து, எண்ணெய் தடவிச் சீட்டுக் கட்டி வைத்தால், அடுத்த ஆடியில் ஒருவர் விதைப்பு தப்பாது. இதற்குப் பெருஞ் செலவில்லை. ஒரு கொட்டகையும், ஒரு வெர்னியரும், ஒற்றுமையும் போதும்.