தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

"தம்பி, நாலு தேத்தாங்கொட்டை குடுங்க. முக்திநாத் போறோம். அங்க தண்ணி எப்படி இருக்குமோ, என்னவோ... செம்புல உரசிவிட்டுக் குடிச்சுக்குவேன்."

மணலூர்பேட்டையில் என் வைத்தியசாலைக்கு இருபது வருஷமாக வருகிற பெரியம்மா அவர். திருக்கோவிலூர் உலகளந்த பெருமாளைச் சேவித்தே வளர்ந்தவர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று நம் பக்கத்து ஊரில் இருக்கிறது. இன்னொன்று நேபாளத்தில், இமயமலையில். அதையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கோரக்பூர் வரை ரயில், சுனௌலி எல்லை தாண்டி பஸ், பொக்காரா, ஜோம்சோம், அப்புறம் முக்திநாத்.

"கொட்டை தரமாட்டேன் பெரியம்மா" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "சித்த வைத்தியர் நீங்களே இப்படிச் சொன்னா?"

நான்தான் சொல்ல வேண்டும்!

தேற்றான்கொட்டை அருமையான சரக்கு. மண்பானையின் உட்புறம் அதை உரசிக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால், மிதக்கிற மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் இறக்கிவிடும். கிருமிகளிலும் ஒரு பங்கு அந்த மண்ணோடு இறங்கும். மீதி? மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரிலேயே இருக்கும். தெளியவைப்பது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரைபுரண்டதே, அந்த வாரம் வாந்திபேதியோடு என்னிடம் வந்தவர்களை விசாரித்தேன். "தண்ணி பளிங்கு மாதிரி இருந்துதுங்களே" என்றார்கள். பளிங்கு மாதிரிதான் இருக்கும்!

"சரி, செம்புப் பாத்திரம்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில் என் சொந்த அவமானம் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் நானும் நேபாளம் போயிருந்தேன். தங்கிய லாட்ஜில் காலையில் குழாய்த் தண்ணீரைச் செம்பு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறிய இரண்டாவது மணி நேரத்தில் குடித்தேன். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. கூட வந்தவர்கள் "வைத்தியருக்கே வயிறா!" என்று சிரித்தார்கள். செம்பின் குணம் பொய்யில்லை. பெங்களூர் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், செம்புப் பானையில் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்தன. ஆனால் அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் 16 மணி! அதுவும் அறை வெப்பத்தில். நான் கொடுத்ததோ இரண்டு மணி. அவசரம் என்னுடையது, பழி செம்பு மேலா?

ஆக, எதைத்தான் நம்புவது? அடுப்பை நம்புங்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படித்தபோது, பதார்த்த குண சிந்தாமணி ஆற்று நீருக்கு ஒரு குணம், குளத்து நீருக்கு ஒரு குணம் என்று பிரித்துச் சொல்வதையும், வெந்நீருக்குத் தனியாகக் குணம் சொல்வதையும் பாடமாகக் கேட்டோம். இன்றைய மருத்துவமும் வேறு சொல்லவில்லை. தளபளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் மூன்று நிமிஷம். காரணம், உயரம் போகப்போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். அங்கே 88 டிகிரியிலேயே கொதிக்கும். பருப்பு வேகாது, ஆனால் வயிற்றைக் கெடுக்கும் கிருமி செத்துவிடும்.

அதனால் பெரியம்மாவிடம் சொன்னேன்: "ஒரு சின்ன மின்சாரக் கெட்டில் வாங்கிக்குங்க, ஒரு ஃபிளாஸ்க்கும். ராத்திரி லாட்ஜிலே கொதிக்க வையுங்க. கெட்டில் தானா அணைஞ்சா மறுபடி போட்டு விடுங்க. மூடி வெச்சு ஆறவிட்டு, காலையில் ஊத்திக்குங்க." மின்சாரம் போய்விட்டால் லாட்ஜ் சமையற்காரரிடம் கேட்டு, கண்ணெதிரே கொதிப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து நீட்டினால் சந்தேகப்படுங்கள். காய்ச்சி ஆறவைத்ததா, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவியதா? சீரகம் போட்டிருக்கிறது, பதிமுகம் போட்டிருக்கிறது என்று நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிருமியைக் கொல்வது கொதி, சீரகமில்லை. காய்ச்சிய தண்ணீரில் கை டம்ளரை விட்டு மொள்ளாமல் சாய்த்து ஊற்றிக்கொள்வதும் முக்கியம்.

காய்ச்ச வழியில்லாத நாட்களுக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரை. அட்டையில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீருக்கு ஒன்று. குறைந்தது அரை மணி பொறுக்க வேண்டும். சில்லிட்ட தண்ணீரென்றால் இன்னும் கூட. கலங்கல் தண்ணீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது, முதலில் வடிகட்டித் தெளியவிடுங்கள். (பாருங்கள், நம் தேற்றான்கொட்டைக்கு இங்கே இடமிருக்கிறது! முதல் வேலை அதனுடையது, முடிக்கிற வேலைதான் வேறொன்றினுடையது.) குளோரினுக்கு மசியாத கிருமிகளும் உண்டு என்பதால்தான் இதற்கு இரண்டாமிடம். பேரன்கள் வாங்கிக் கொடுக்கும் கையடக்க வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும். மஞ்சள்காமாலை வைரஸ் பெரும்பாலும் அதில் நழுவிப்போகும். கடை பாட்டில் என்றால் சீல் உடைபடும் சத்தம் கேட்க வேண்டும். ஐஸ் வேண்டவே வேண்டாம். பல் துலக்கவும் காய்ச்சிய நீர்தான்.

இதைப் படித்துவிட்டு சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் கெட்டிலைத் தூக்க வேண்டியதில்லை. அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். எல்லா வெளிநாடும் ஒன்றல்ல. காத்மாண்டுவில் 2022-லும் காலரா தலைகாட்டியது.

"மலையிலே பனி உருகி வர்ற தண்ணி சுத்தமாச்சே?" என்றார் பெரியம்மா. பனி சுத்தம்தான். வழியில் மனிதர்களும் மாடுகளும் இருக்கிறார்களே! 2010-ல் ஹைட்டியில் நடந்ததைச் சொன்னேன். அமைதிப் பணிக்கு நேபாளத்திலிருந்து போன ஐ.நா. படையின் முகாம் கழிவு ஆற்றில் கலந்தது. அதுவரை காலராவைக் கண்டிராத அந்த நாட்டில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2016-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்டார். ஆள் போகும் இடமெல்லாம் வயிற்றுக் கிருமியும் டிக்கெட் இல்லாமல் போகும். புண்ணியத் தலத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் போகிறோம்!

கடைசியில்தான் அவர் உண்மையான சங்கடத்தைச் சொன்னார். "அங்க 108 தாரை இருக்காமே. தீர்த்தத்தை வாயில விடாம வர முடியுமா தம்பி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நானும் பெருமாள் கோயிலில் துளசித் தீர்த்தத்துக்குக் கை நீட்டுகிறவன்தான். "தலையில தெளிச்சுக்குங்க பெரியம்மா. ஒத்துக்கிட்டா குளிங்க, குளிர் தாங்கலேன்னா வேணாம். வாயில மட்டும் விடாதீங்க. பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றேன். அரை மனசாகத் தலையாட்டினார். பேதி ஆனால் உப்பு சர்க்கரைக் கரைசலைக் காய்ச்சிய நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், காய்ச்சலோ ரத்தமோ கண்டால் என் சூரணத்துக்காகக் காத்திராமல் அங்கேயே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

பதினாறு நாள் கழித்துத் திரும்பி வந்தார். கூடப் போனவர்களில் நாலைந்து பேருக்கு வயிறு கெட்டுவிட்டதாம், இவருக்கு ஒன்றுமில்லை. சின்ன பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"காய்ச்சலை தம்பி. உங்களுக்குன்னு அப்படியே கொண்டாந்தேன்" என்றார்.

தலையில் இரண்டு சொட்டு தெளித்துக்கொண்டேன். மீதி பூஜை அலமாரியில் மூடியபடி இருக்கிறது.