விரிசல் விட்ட ஸ்டியரிங்குக்காக வண்டியை விற்பதா?

விதை நம்ம கையில் இருக்கணும், உரம் நம்ம தோட்டத்திலேயே ஆகணும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். கொட்டகையில் நிற்கிற பழைய டிராக்டரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. மருந்துக் கடை பாக்கியிலிருந்து தப்பி வந்தவர், புது வண்டிக் கடனில் போய் உட்காருகிறார். வங்கியில் இருந்தவரை கடன் கொடுக்கிற பக்கம் இருந்தேன். இப்போது உழுகிற பக்கம் இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காட்டுப்பள்ளி பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும். இங்கே வீசுகிற காற்றிலேயே உப்பு. பழைய வண்டியின் ஸ்டியரிங் என்பது உள்ளே இரும்புக் கம்பி வளையம், மேலே கெட்டி ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை. வெயிலில் இரும்பு ஒரு அளவு விரியும், உறை வேறு அளவு விரியும். வருஷக்கணக்கில் இப்படி இழுபட்டு உறையில் கீறல் விழும். அதன் வழியே உப்பு ஈரம் உள்ளே போகும். கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும், அது உறையை உள்ளிருந்து பிளக்கும். கடலோர வண்டிகளில் ஸ்டியரிங் சீக்கிரம் வெடிப்பது இதனால்தான்.

என் 35 குதிரைத்திறன் வண்டிக்கும் இதே கதி வந்தது. விசாரித்த இடத்தில் "இந்த மாடலுக்கு எதுக்கு சார் செலவு, எக்ஸ்சேஞ்ச்ல குடுத்திடுங்க" என்றார்கள். ஸ்டியரிங்கில் விரிசல், அதற்கு வண்டியையே மாற்றணுமாம்!

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது. நடு நட்டைக் கழற்றும் முன், வளையத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது நேராக உட்காரும். நட்டை முழுதாக எடுக்காமல் நாலு மரை விட்டு வைத்து, புல்லர் போட்டு இழுங்கள். தண்டின் தலையில் சுத்தியால் அடித்தால் மரை போய்விடும். பிறகு நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு உப்பும் கிரீஸும் போகக் கழுவி நிழலில் காயவிடுங்கள். விரிசலை ஆக்சா பிளேடால் ‘வி’ வடிவில் அகலப்படுத்தி, கம்பி தெரியும்வரை போய், துருவை உப்புத்தாளால் சுரண்டுங்கள். மெல்லிய கீறலுக்கு அரால்டைட், பெரிய பிளவுக்கு எம்சீல். இரண்டுமே எபாக்ஸிதான். மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி அழுத்தி நிரப்பி, ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். அப்புறம் அரம் போட்டு, 80, 120, 220 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்தால் முடிந்தது. எனக்கு 500 ரூபாய்க்குள் அடங்கியது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லணும். எபாக்ஸி உறைக்கு மட்டும்தான். உள்ளே கம்பி அரித்து மெலிந்திருந்தாலோ, ஆரக்கால் பற்றவைப்பு விட்டிருந்தாலோ, நடுக்குடத்தின் பல் தேய்ந்திருந்தாலோ ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது. ஸ்டியரிங்கையே மாற்றிவிடுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகிற துறைமுகச் சாலையில் ஸ்டியரிங் கையோடு வந்தால் என்ன ஆகும்? சிக்கனம் வேறு, உயிரோடு விளையாடுவது வேறு. கழற்றியதோடு டை ராட் எண்டில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. 7 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 7 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 1,44,000 ரூபாய் கட்டணும். மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டும். 5 ஏக்கர்காரருக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 28,000 ரூபாய்க்கு மேல், மழை வந்தாலும் வராவிட்டாலும். ரசாயன உரத்தை விட்டு மிச்சம் பிடித்த காசு வட்டியாகப் போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்கியே ஆகணும் என்கிறவருக்கு அது நல்லது. ஓடுகிற வண்டியைத் தள்ளிவிட அது காரணம் ஆகாது. 15 ஆண்டு முடிந்தாலே வண்டி காயலான் கடைக்குத்தான் என்று பயமுறுத்துகிறார்கள். விவசாய டிராக்டர் தகுதியாக இருந்தால் 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கலாம்.

"இயற்கை விவசாயிக்கு டிராக்டரே எதுக்கு? மாடு போதாதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். மாடு இருந்தால் மகராசனாக உழுங்கள். ஆனால் நம்ம பகுதியில் ஏர் பிடிக்கிற ஆள் எங்கே? பிள்ளைகள் எல்லாம் துறைமுகத்துக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் போயாச்சு. டிராக்டர் வேண்டும் என்று ஆனபிறகு, பழையதைக் காப்பதே மேல். 50 குதிரைத்திறன் புது வண்டியைவிட அது பொதுவாக எடையும் குறைவு, மண் அவ்வளவு இறுகாது.

முக்கியமான விஷயம், பழைய வண்டியை நாமே திறக்கலாம், நாமே மூடலாம். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் ஏறிய டிராக்டர்களைக் கம்பெனி ஆள் வராமல் சரிசெய்ய முடியாமல் விவசாயிகள் தவித்தார்கள். கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டம் போட்டது. 2024 ஜனவரி 1 முதல், உதிரிபாகம், கருவி, கையேடு எல்லாம் விவசாயிக்குக் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. புது வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் ஏறிக்கொண்டே வருகிறது. அமெரிக்க விவசாயி பட்ட பாட்டை நாமும் படும்வரை காத்திருக்கணுமா?

நாம் செய்ய வேண்டியது இரண்டு. பயிற்சி முகாம்களில் பஞ்சகவ்யத்தோடு பழுதுபார்ப்பும் ஒரு பாடமாகட்டும். சென்னை செம்பியத்தில் 1960-களிலிருந்து டிராக்டர் செய்த மாவட்டம் பக்கத்தில் இருக்கிறோம். அந்த வண்டிகளின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த பட்டறைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு தொழில் பழக ஆள் இல்லை. மாதம் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வோம். இரண்டாவது, புது வண்டி வாங்குகிற எவரும் பழுதுபார்ப்புக் கையேட்டையும் உதிரிபாகப் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் முன்பணத்தை எண்ணாதீர்கள்.