ஃபார்மலின் இல்லாத ஊரில் புரதம் எதை முன்னறிவிக்கும்?

மார்பகப் புற்றுநோயின் போக்கை முன்கூட்டிச் சொல்லும் புதிய புரதம் ஒன்றை அறிவிக்கும் கட்டுரைகளுக்கு இன்று பஞ்சமில்லை. பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது. அறுத்தெடுத்த கட்டியை உரிய நேரத்தில் ஃபார்மலினில் இடுவதற்கும், அறுவைக்குப் பின் ஐந்தாண்டுகள் அப்பெண்ணைத் தொடர்ந்து கவனிப்பதற்கும் உறுதியான ஏற்பாடு சிற்றூர்களில் அரிது. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எந்தப் புரதமும் எதையும் முன்னறிவிப்பதில்லை. இதை ஆய்வுலகம் அறியாமல் இல்லை, அறிந்தும் பேசாதிருக்கிறது.

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ள கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் உழைத்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதனோடு சுரங்க மருத்துவமனையும் செயலிழந்தது; 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போதுதான் அதன் கதவுகள் மீண்டும் திறந்தன. இன்று மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் கூலி வேலைக்காக நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்புகிறார்கள். புற்றுநோய்க்கான முழுச் சிகிச்சையும் அதே தண்டவாளத்தின் மறுமுனையில்தான் இருக்கிறது.

அந்த மறுமுனையில் அறிவியல் வறுமை கிடையாது. ஹெர்-2 புரதத்தைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தின் உயிர்ஒப்பு வடிவத்தை 2014-இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த பயோகான் பெங்களூர் நிறுவனம். மஞ்சிரி பக்ரே தொடங்கிய ஆன்கோஸ்டெம் நிறுவனமும் அந்நகரத்தைச் சேர்ந்ததே. அந்நிறுவனம் உருவாக்கிய கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் சோதனை, கட்டியில் உள்ள ஐந்து புரதங்களையும், கட்டியின் அளவு, தரநிலை, நிணநீர்க்கணுப் பரவல் ஆகிய மூன்று மருத்துவக் கூறுகளையும் சேர்த்துக் கணித்து, ஐந்தாண்டுகளுக்குள் நோய் திரும்பும் அபாயத்தை மதிப்பெண்ணாகத் தருகிறது. மதிப்பெண் 15.5-ஐத் தாண்டாவிட்டால் அபாயம் குறைவு. 21 மரபணுக்களை அளக்கும் அமெரிக்கச் சோதனையின் விலை இங்கே பலருக்கு எட்டாதது என்பதை எண்ணினால், இது பாராட்டத்தக்க முயற்சி. தேவையற்ற கீமோதெரபியிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுவது சிறிய காரியமன்று.

ஆனால் இச்சோதனை யாருக்கானது? நோய் முதல் இரண்டு நிலைகளுக்குள் இருக்க வேண்டும். ஹார்மோன் ஏற்பிகள் இருக்க வேண்டும். ஹெர்-2 மிகுதியாக இருக்கக் கூடாது. அதாவது, நோய் முன்னதாகக் கண்டறியப்பட்டு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்னும் மூன்று பழைய புரதங்களும் பிழையின்றி அளக்கப்பட்ட பெண்ணுக்கே புதிய புரதங்களின் வாசல் திறக்கும். கட்டி முற்றிய பின் மருத்துவமனைக்கு வருபவள் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறாள்.

பழைய மூன்றையும் அளப்பது எளிது என்று எண்ணுவோர் ஆய்வுக்கூடத்தை மட்டுமே பார்ப்பவர்கள். உடலிலிருந்து எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் 10 விழுக்காட்டு நடுநிலை ஃபார்மலினில் இட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், மிகுந்தால் 72 மணி நேரம் அதில் ஊறவைக்க வேண்டும் என்பது பன்னாட்டு நெறிமுறை. கட்டி வெட்டப்படாமல் வாளியில் காத்திருந்தாலோ, உப்புநீரில் பயணம் செய்தாலோ புரதம் சிதையும். சிதைந்த ஏற்பி சோதனையில் ‘இல்லை’ என்று பதிவாகும். அந்த ஒற்றைச் சொல்லால் ஒரு பெண் டமோக்சிஃபென் மாத்திரையை இழப்பாள். ஏற்பி உள்ளவர்களிடம் ஐந்தாண்டுகள் உட்கொண்டால் மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் மலிவான மாத்திரை அது.

இது கற்பனையான அச்சமன்று. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளில் நூற்றுக்கணக்கான பெண்களுக்குத் தவறான முடிவு சொல்லப்பட்டிருந்தது. நீதிபதி மார்கரெட் கேமரூன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009-இல் அறிக்கை அளித்தது. செல்வம் மிக்க நாட்டில் பிழை வெளிவந்தது. காரணம், அங்கே மறுசோதனை நடந்தது. மறுசோதனையே நடவாத ஊரில் பிழை புதைந்துதான் கிடக்கும்.

இரண்டாவது குறை புள்ளியியல் சார்ந்தது. ஆகவே ஆய்வாளர்கள் தப்பிக்க இயலாதது. எந்த உயிர்க்குறியீட்டின் மதிப்பையும் நிறுவுவது கப்லான்–மெய்யர் வளைகோடு. இடையில் தொடர்பு அறுந்தவர்களைக் கடைசியாகப் பார்த்த நாளோடு கணக்கிலிருந்து அது விடுவிக்கிறது. அவர்கள் விலகியதற்கும் நோயின் போக்குக்கும் தொடர்பில்லை என்பது அதன் அடிப்படை நிபந்தனை. ஒரு நாள் கூலியை இழந்து ரயிலேறி மறுபரிசோதனைக்கு வர இயலாத பெண் தற்செயலாகவா விலகுகிறாள்? மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியதும் வீட்டிலேயே இறந்ததும் அவள் விலகலுக்குள் அடங்கியிருக்கலாம். அவளை நீக்கிய வளைகோடு அழகாக உயர்ந்தே நிற்கும். ‘இந்தியப் பெண்களிடம் சரிபார்க்கப்பட்டது’ என்ற வாக்கியத்தின் பொருள், பெரும்பாலும், ‘திரும்பி வர முடிந்த இந்தியப் பெண்களிடம்’ என்பதே.

‘அடிப்படை ஆய்வு வேறு, பொதுச் சுகாதாரம் வேறு; இரண்டையும் குழப்பலாகாது’ என்பது வழக்கமான மறுமொழி. இதற்கு விடை தங்கவயலிலேயே இருக்கிறது. 1965-இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இயற்பியலாளர்கள், ஒசாகா, டர்ஹம் பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து, அச்சுரங்கத்தின் 2 கி.மீ.க்கும் மிகுந்த ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். அவ்வளவு ஆழத்துக்கு ஏன் இறங்கினார்கள்? இரைச்சலை நீக்காமல் குறிப்பலையைப் பேசுவது அறிவியலாகாது என்பதால். பாறையின் தடிமனை அளப்பது அங்கே அடிப்படை ஆய்வின் பகுதி. அதுபோலவே திசு ஃபார்மலினுக்குச் சென்ற நேரத்தை அளப்பது உயிர்க்குறியீட்டு ஆய்வின் பகுதி, தொண்டு வேலையன்று.

2010–14 காலத்தில் நோயறியப்பட்டவர்களின் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு அமெரிக்காவில் 90 விழுக்காடு, இந்தியாவில் 66 என்று கான்கார்ட்-3 ஆய்வு மதிப்பிட்டது. இந்த இடைவெளியைப் புதிய புரதம் நிரப்பப்போவதில்லை. எது நிரப்பும் என்பதற்குச் சான்று உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கைகளால் மார்பகத்தைப் பரிசோதித்தனர். நோய் முந்தைய நிலையில் பிடிபட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அத்தகைய குறைவு தெளிவாகப் புலப்படவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

புரத ஆய்வை நிறுத்துமாறு எவரும் கேட்கவில்லை. கேட்கப்படுவது மூன்று. உயிர்க்குறியீட்டுக் கட்டுரை ஒவ்வொன்றும் திசு எவ்வளவு நேரத்தில் பதப்படுத்தப்பட்டது என்பதை வெளியிட வேண்டும். தொடர்பு அறுந்தவர்கள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தினர், மருத்துவமனையிலிருந்து எவ்வளவு தொலைவில் வாழ்ந்தவர்கள் என்பதை அட்டவணையாகத் தர வேண்டும். சரிபார்ப்புக்கு நிதி தருவோர், அந்நிதியின் ஒரு பகுதி சிற்றூர் அறுவைக்கூடங்களின் ஃபார்மலினுக்கும் பயிற்சிக்கும் நோயாளியின் பயணப்படிக்கும் செல்ல வேண்டும் என விதிக்க வேண்டும்.

முனைவர்ப் பட்ட வாய்மொழித் தேர்வில் அமரும் பேராசிரியர்கள் இனி இந்த ஒரு கேள்வியையேனும் கேட்கட்டும்: ‘உம் வளைகோட்டிலிருந்து விலகிப்போன பெண்கள் எங்கே?’ விடை தெரியாத ஆய்வேடு முன்கணிப்பு பற்றிப் பேசத் தகுதி பெறவில்லை.