அரங்கத்தைத் திறந்தீர்கள், பந்தியில் இடமுண்டா?

1847ஆம் ஆண்டு மதுரையில் ஒரு வேளைச் சோறு பெரிய கலகத்தை உண்டாக்கியது. "சாதியை விட்டுவிட்டேன்" என்று வாயால் சொன்னால் போதாது, ஒடுக்கப்பட்ட சாதியினர் சமைத்ததை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது அமெரிக்க மதுரை மிஷன். ஊர் ஊராக வேதம் சொன்ன உபதேசியார்களிலேயே பலர் மறுத்தார்கள். மறுத்தவர்கள் சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள்.

அந்த மண்ணில்தான் பின்னாளில் அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி தலித் இறையியலின் களமானது. 'பரட்டை' என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்பதையே இறையியலாகப் பேசினார், பறையோடு பாடினார். ஆக, பேச்சை அல்ல, பந்தியைப் பார் என்பது மதுரைத் திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த அளவுகோல் அல்ல. அதுவே வைத்த அளவுகோல்.

இன்று திருச்சபைக்குள் பால்புதுமையர் உரிமையும் பேசப்படுகிறது. இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றத்தில் பாலினப் பன்மைக்கென்று தனி அமைப்பு இருக்கிறது. வரவேற்போம். 377ஆவது பிரிவைத் தளர்த்திய 2009 தில்லித் தீர்ப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர்களில் கிறித்தவ அமைப்புகளும் இருந்தன. அதை நினைத்தால், ஒரு சபை தன் அரங்கத்தைத் திறந்து, பால்புதுமையரையும் சமூகநீதியையும் ஒரே மேடையில் பேச வைப்பது சின்ன விசயமில்லை.

ஆனால் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிய பிறகு என்ன நடக்கிறது? நம் கேள்வி அதுதான்.

முதல் கேள்வி, திருமணம். தூத்துக்குடியில் கோயிலில் மணம் முடித்த ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் பதிவு மறுக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லிப் பதிவு செய்ய உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது. ஆனால் அதே தீர்ப்பில், ஆணை மணக்கும் திருநங்கைக்கும் பெண்ணை மணக்கும் திருநம்பிக்கும் இப்போதுள்ள சட்டங்களின்படியே திருமண உரிமை உண்டு என்றது. தனிநபர் சட்டங்களும் இதில் அடக்கம். கிறித்தவத் திருமணத்துக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி மணம் முடித்து வைத்துப் பதிவேட்டில் எழுதும் பேனா போதகர் கையில். மேடையில் "நீங்களும் கடவுளின் சாயல்" என்று சொன்ன போதகர், அடுத்த மாதம் ஒரு திருநங்கையின் திருமண அறிக்கையை ஆராதனையில் வாசிப்பாரா?

இரண்டாவது கேள்வி, சாதி. தலித் கிறித்தவத் திருநங்கை ஒருவரை நினைத்துப் பாருங்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறித்தவர் என்பதற்காக அவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளுகிறது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் வருகிறார். 2015இல் அரசு திருநங்கைகளை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினத்தை ஒரு சாதியாக எண்ணி, ஏதோ ஒரு பெட்டிக்குள் அடைத்த ஏற்பாடு அது. அவரோ தலித்தாகவும் கிறித்தவராகவும் திருநங்கையாகவும் ஒரே நேரத்தில் வாழ்கிறார். அதனால்தான் கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைத் தோழர்கள் பல ஆண்டுகளாகக் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்கிறார்கள். அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்கு ஒரு பங்கு. கர்நாடகம் 2021இல் அரசு வேலைகளில் 1 விழுக்காடு கொடுத்தது. மூன்றாம் பத்தியை நீக்கக் கோரி ஆண்டுதோறும் குரல் கொடுக்கும் திருச்சபை, அந்தக் கோரிக்கை மனுவில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்குமா? திருச்சபை நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் ஒரு திருநங்கைக்கு வேலை கொடுக்க எந்த அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டும்?

திருச்சபையை மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. "முதலில் சாதி ஒழியட்டும், இதெல்லாம் நகரத்துப் படித்தவர்கள் பிரச்சினை" என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2012 ஜூலையில் வானவில் கொடியோடு பேரணி நடந்தது பெருநகரத்தில் அல்ல, இதே மதுரையில். அதைவிட முக்கியம், 1916இல் அம்பேத்கர் சொன்னது. சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார் அவர். யார் யாரை விரும்பலாம், யாரோடு வாழலாம், யாருக்குப் பிள்ளை பெறலாம் என்று குடும்பம் காவல் காப்பதால்தான் சாதி பிழைக்கிறது. சாதி மாறிக் காதலித்த மகளை வெட்டும் அரிவாளும், பெண்ணைக் காதலிக்கும் மகளைப் பூட்டி வைத்து மாப்பிள்ளை தேடும் பூட்டும் ஒரே வீட்டுக் கொல்லையில்தான் தொங்குகின்றன. பால்புதுமையர் விடுதலை சாதி ஒழிப்புக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பிரச்சினை அல்ல. இரண்டுக்கும் எதிரி ஒருவர்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. சாதியைப் பேசாத வானவில் மேடை நமக்கு வேண்டாம். வீட்டை விட்டு விரட்டப்பட்ட இருவரில், ஒருவருக்கு நகரத்தில் வாடகைக்கு அறை கிடைக்கும், மற்றவரிடம் வீட்டுக்காரர் முதலில் சாதியைக் கேட்பார். இருவரின் துயரமும் ஒன்றே என்று சொல்லிவிட்டுக் கைதட்டிக் கலைவது யாருக்கும் உதவாது.

எனவே, அடுத்த முறை இப்படி ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். பேச்சைக் கேளுங்கள். கேள்வி நேரத்தில் எழுந்து நான்கே கேள்வி கேளுங்கள். இந்தச் சபையில் ஒரு திருநங்கைக்குத் திருமணம் நடக்குமா? உங்கள் நிறுவனத்தில் வேலை கிடைக்குமா? வீட்டிலிருந்து துரத்தப்பட்டு இரவில் வருபவருக்கு உங்கள் விடுதியில் படுக்க இடம் உண்டா? இறந்தால், சாதி பார்க்காமல், பெயரை மாற்றாமல், உங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வீர்களா?

பிறகு மதியச் சாப்பாட்டுக்கு இருங்கள். யார் சமைத்தார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். 1847இல் வைத்த தேர்வு இன்னும் முடியவில்லை.