பெரிய ஆச்சிக்கு ஒரு பிஸ்கட்

நாஞ்சில் நாட்டுப் பலகாரங்களில் முந்திரிக்கொத்துக்குத் தனி இடம் உண்டு. பெயரைக் கேட்டு முந்திரிப்பருப்பைத் தேடுபவர் ஏமாந்துபோவார். வறுத்துப் பொடித்த சிறுபயறு, தேங்காய், ஏலம் ஆகியவற்றைப் பாகில் சேர்த்துப் பிடித்த சிறு உருண்டைகளை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துச் சேர்த்துச் சேர்த்து எண்ணெயில் இடுவர். அவை ஒன்றோடொன்று ஒட்டி வெந்து எழும்போது திராட்சைக் குலைபோலத் தோன்றும். முந்திரி என்பது திராட்சைக்கும் பழம்பெயர். வெளியே மொறுமொறுப்பான ஓடு, உள்ளே மெத்தென்ற இனிப்பு. இன்றைய குழந்தைகள் கிரீம் பிஸ்கட்டில் தேடுவதும் அதே சுகந்தான்.

சுசீந்திரத்தில், கோயிலுக்கு நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒரு வீட்டில், முந்திரிக்கொத்து பிடிப்பதில் கைதேர்ந்த ஓர் ஆச்சி இருக்கிறார். எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் அவர், கடையில் வாங்கிய பிஸ்கட்டை வாழ்நாளில் தொட்டதில்லை. பள்ளி விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேத்தியோடு வந்த ஆறு வயதுக் கொள்ளுப்பேரன் இதை அறியான். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, முதல் கிரீம் பிஸ்கட்டை அவரிடம் நீட்டினான். ஆச்சி சிரித்தபடி தலையை அசைத்துவிட்டார். மறுநாளும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் நாள் அவன் நீட்டவில்லை. இரவு படுக்கும்போது, "பெரிய ஆச்சிக்கு என்னைப் பிடிக்காதா அம்மா?" என்று கேட்டான்.

பேத்திக்கு அன்று உறக்கம் வரவில்லை. காலையில் பாட்டியிடம் உறையைக் காட்டினாள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறது. முட்டை சேர்ந்த பண்டத்துக்கு இந்தக் குறியை இடச் சட்டம் அனுமதிக்காது. ஆகவே தயக்கம் வேண்டாம் என்றாள். அவள் சொன்னது சரியே. ஆனால் ஆச்சியின் கேள்வி வேறாக இருந்தது.

"அது கெடக்கட்டும் மக்களே. கிரீம்னு போட்டிருக்கே, அது எந்தப் பசுவுக்க பாலு?"

பேத்தி உறையின் பின்புறத்தைப் படித்தாள். மைதா, சர்க்கரை, பாமாயில், புளிப்பூட்டிகள், செயற்கை மணம் என்று பட்டியல் நீண்டது. வெண்ணெய் இல்லை, பாலேடும் இல்லை. சாதாரண விலையில் விற்கும் கிரீம் பிஸ்கட்டுகள் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். நடுவில் இருப்பது சர்க்கரையும் தாவரக் கொழுப்பும் குழைந்த பசை. அதில் நஞ்சு ஏதும் இல்லை. எண்ணெய், கொழுப்புகளில் 'டிரான்ஸ்' கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதியும் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் பெயருக்கும் பொருளுக்கும் தொடர்பு இல்லை என்பதை, உறையைப் படிக்காமலே ஆச்சி கண்டுகொண்டிருந்தார்.

அவருக்கு வெண்ணெய் தெரியும். தாணுமாலயன் கோயிலில் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு நேர்ந்துகொள்வது அவ்வட்டாரத்துக் குடும்பங்களின் வழக்கம். வடைமாலையும் வெண்ணெயும் அந்தச் சன்னிதியின் அடையாளங்கள். அந்த வழக்கத்தினிடையே வளர்ந்தவர், உள்ளங்கையில் ஒரு துளி தேய்த்துப் பார்த்தே வெண்ணெயின் வயதைச் சொல்லிவிடுவார்.

தன் கையாலேயே பிஸ்கட் செய்வது என்று பேத்தி அன்றே முடிவு செய்தாள். பெங்களூர் வீட்டில் மின் அடுப்பு வைத்துப் பழகியவள்தான். நாகர்கோவிலில் இருக்கும் தோழியின் வீட்டு அடுப்பை ஒரு நாளைக்கு வாங்கி வரலாம் என்றபோது, "அதுல முன்ன என்ன வெந்துதோ" என்ற ஒரே சொல்லில் அந்த யோசனை அடிபட்டுப்போயிற்று. முதியவர்களின் இத்தகைய தயக்கங்களைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. அவர்கள் அடுக்களையிலேயே, அவர்கள் பாத்திரத்திலேயே செய்து காட்டுவது அதைவிட எளிது. பலருக்கும் இது தோன்றுவதில்லை.

பேத்தி தேர்ந்தெடுத்தது கஸ்டர்டு பவுடர் சேரும் ஒரு பிஸ்கட். அந்தப் பவுடரின் பிறப்பே முட்டையோடு தொடர்புடையது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து மருந்து வணிகர் ஆல்ஃபிரெட் பேர்டு என்பவரின் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒவ்வாது. கஸ்டர்டோ முட்டையில்லாமல் ஆகாத பண்டம். மனைவி அதை உண்ணவேண்டும் என்பதற்காகவே, 1837-இல் சோள மாவைக் கொண்டு முட்டையில்லாக் கஸ்டர்டை அவர் உருவாக்கினார். ஈஸ்டும் அந்த அம்மையாருக்கு ஒத்துக்கொள்ளாமற்போகவே, சில ஆண்டுகளில் பேக்கிங் பவுடரையும் செய்தார். இன்று நம் மளிகைக் கடைகளில் அடுக்கியிருக்கும் இரண்டு டப்பாக்கள், ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் பந்தியில் விடுபட்டுப்போவதைப் பொறுக்காத ஒரு கணவரின் வேலை.

நம் நாட்டு நெய் பிஸ்கட்டின் கதையும் ஏறத்தாழ அதுவே. சூரத் நகரில் டச்சுக்காரர்கள் தங்களுக்காக ரொட்டிக்கூடம் ஒன்றை வைத்திருந்தனர் என்றும், அவர்கள் புறப்பட்டபோது அது தோதிவாலா என்னும் பார்சி குடும்பத்தின் கைக்கு வந்தது என்றும் சொல்வர். கள்ளும் முட்டையும் சேர்ந்ததால் அந்த ரொட்டியை உள்ளூர் மக்கள் தொடவில்லையாம். அவற்றை விலக்கிச் செய்ததே 'நான்கட்டாய்' ஆயிற்றாம். குளச்சல் கடற்கரையில் 1741-இல் மார்த்தாண்டவர்மரிடம் தோற்ற அதே டச்சுக்காரர்கள்தாம். நாஞ்சில் நாட்டாருக்கு அந்தப் பெயர் புதியதன்று.

பேத்தியின் அளவு நினைவில் நிற்கக்கூடியது: ஒன்று, மூன்று, மூன்று, ஒன்று. பொடித்த சர்க்கரை 60 கிராம், வெண்ணெய் 180 கிராம், மைதா 180 கிராம், கஸ்டர்டு பவுடர் 60 கிராம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை குழைத்து, சலித்த மாவுகளைச் சேர்த்து, பிசையாமல் விரல் நுனியால் கூட்டிச் சேர்க்கவேண்டும். நெல்லிக்காய் அளவுக்கு முப்பது உருண்டைகள் வரும். முள்கரண்டியால் மெல்ல அழுத்தினால் மேலே வரிகள் விழும். மின் அடுப்பாயின் 160 பாகையில் 15 முதல் 18 நிமிடம்.

மின் அடுப்பு இல்லாத இடத்தில் அடி கனத்த சட்டி போதும். ஆச்சியின் வெண்கல உருளியைப் பேத்தி எடுத்தபோது, அதை வெறுமையாகச் சூடாக்கினால் விண்டுபோகும் என்று தடுத்து, பழைய இரும்புச் சட்டியை அவரே இறக்கிக் கொடுத்தார். அடியில் ஒரு விரற்கடை உயரம் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு முக்காலியை வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, பிறகு தட்டை உள்ளே வைத்தாள். தணலைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம். விளிம்பு பொன்னிறமாகும்போது எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். இதை அறியாமல் மேலும் வேகவிட்டுக் கருக்கியவர்கள் ஏராளம்.

முதல் ஈடு கெட்டது. உச்சிவெயில் நேரத்தில் பிசைந்த மாவில் வெண்ணெய் உருகிக் கிடந்தது. தட்டில் வைத்த உருண்டைகள் எல்லாம் பரந்து, ஒரே அடையாக ஒட்டிக்கொண்டன. பையன் அதையும் பிய்த்துத் தின்றான் என்பது வேறு செய்தி. மறுநாள் அதிகாலையில் பிசைந்து, உருண்டைகளை அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பிறகு சட்டியில் ஏற்றினாள். இம்முறை பரவவில்லை, ஆனால் கடித்தால் கரையவேண்டிய பிஸ்கட், வறண்ட ரொட்டிபோல் கடினமாக இருந்தது.

அதுவரை திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி அடுக்களைக்குள் வந்தார். கிண்ணத்தில் மிஞ்சியிருந்த வெண்ணெயை விரலால் எடுத்து உள்ளங்கையில் அழுத்தினார். விரலிடுக்கில் துளித்துளியாக நீர் எழுந்தது.

"இதுல தண்ணி கெடக்கு மக்களே. கழுவிப் பிழியாம எடுத்திருக்க."

குற்றம் அங்கேதான் இருந்தது. கடையில் விற்கும் வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது 80 விழுக்காடும் நீர் அதிகம் போனால் 16 விழுக்காடும் இருக்கவேண்டும் என்பது விதி. வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோரும் நீரும் அதற்குமேல் தங்கிவிடும். அந்த நீர் மைதாவோடு சேர்ந்தால் மாவு சவ்வுபோல இழுபடும்; பிஸ்கட் கடினமாகும். பேத்தி படித்த குறிப்புகள் எல்லாம் கடை வெண்ணெயை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆச்சிக்குக் குறிப்பு எதுவும் தெரியாது, வெண்ணெய் தெரியும்.

குளிர்ந்த நீரை ஊற்றி, தெளிந்த நீர் வரும்வரை மூன்று முறை அலசி, மரக்கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்திப் பிழிந்து கொடுத்தார். மூன்றாவது ஈடு, நாவில் வைத்ததும் மணல்போல் உதிர்ந்தது. வெண்ணெய்க்கு மாற்றாக நெய்யைப் பயன்படுத்துவோர், நீரே இல்லாத பொருள் என்பதால் 180-க்கு 150 கிராம் எடுத்தால் போதும். அதை உறைந்த நிலையில் சேர்க்கவேண்டும்.

நடுவில் வைக்கும் பூரணத்துக்கு 60 கிராம் வெண்ணெயும் 120 கிராம் பொடித்த சர்க்கரையும் அடிப்படை. அதற்கு எந்த மணத்தையும் ஊட்டலாம். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு சீசாவில் அடைத்த செயற்கை மணத்தைத் தேடுவது வேடிக்கை. மலைத்தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. எண்ணெய்ச் சத்து மிகுந்தது. ஆகவே இரண்டு கிராம்பைச் சர்க்கரையோடு சேர்த்துப் பொடித்தால் பதினைந்து இணைக்கும் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் பல்வலி மருந்தின் நினைவு வரும்.

2023-இல் அதே குறியீடு பெற்ற மட்டிப்பழம் இன்னொரு வழி. ஆனால் பச்சைப் பழத்தை மசித்து வெண்ணெயில் சேர்த்தால் நீர் விட்டுப் பிரிந்துபோகும். நன்கு கனிந்த நான்கு பழங்களை 50 கிராம் வெல்லமும் ஒரு கரண்டி நெய்யும் சேர்த்து, சக்கை வரட்டி கிண்டுவதுபோல, சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிண்டி ஆறவிட வேண்டும். வெண்ணெயே வேண்டாம், அந்த வரட்டியை அப்படியே இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே தடவலாம். பேத்தி கருப்பட்டியையும் முயன்றாள். பாகாகச் சேர்த்ததால் கிரீம் நெகிழ்ந்து வழிந்தது. நன்கு உலர்ந்த கருப்பட்டியைச் சீவிச் சலித்துச் சேர்த்திருந்தால் நின்றிருக்கும்.

பிஸ்கட் முற்றிலும் ஆறிய பிறகே பூரணம் தடவவேண்டும். தடவாத பிஸ்கட் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் கெடாது. தடவியதை இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கடலோரக் காற்றின் ஈரம் மொறுமொறுப்பைப் பறித்துவிடும். விலைக் கணக்குப் பார்த்தால் கடைப் பொட்டலமே மலிவு. வெண்ணெய் விற்கும் விலைக்கு இதை நாள்தோறும் செய்ய எந்தக் குடும்பத்தாலும் ஆகாது. செய்யவும் வேண்டாம், இத்தனை வெண்ணெயும் சர்க்கரையும் அன்றாட உணவுக்குரியவை அல்ல. மாதம் ஒரு முறை, வீட்டில் எல்லோரும் கூடும் நாளில் செய்தால் போதும்.

பதினைந்து இணைகளும் தட்டில் அடுக்கப்பட்டன. பேத்தி தட்டை ஆச்சியிடம் கொண்டுபோகவில்லை. மகன் கையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் தயங்கினான். இரண்டு முறை மறுக்கப்பட்ட கை அது. பிறகு மெல்ல நடந்து திண்ணைக்குப் போய், ஒன்றும் பேசாமல் நீட்டினான்.

ஆச்சி அதை வாங்கினார். பிட்டு இரண்டாகப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு பாதியை அவன் வாயில் இட்டார். மறுபாதியைத் தாம் உண்டார். உதிர்ந்த துகளைச் சேலையிலிருந்து பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிராம்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றார் ஆச்சி. "நாளைக்குக் காலம்பற மோர் கடையணும். நீ எந்திச்சு வந்து மத்துக் கயிறைப் பிடி, என்ன?"